விடுதியில் வளர்ந்த மொழி

சென்னையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று தோன்றிய பழைய பள்ளிகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கடல் பக்கமாகவே விழும். சாந்தோமில் சி.எஸ்.ஐ. பள்ளி, ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், அடையாற்றில் செயின்ட் லூயிஸ் நிறுவனம். படித்து முடித்தவர்களுக்கு வேலை இருந்த திசை வேறு. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் எழுந்த டேங்க் ஃபேக்டரியும் ராணுவ உடைத் தொழிற்சாலையும், 1964இல் உருவான அம்பத்தூர் எஸ்டேட் என எல்லாம் மேற்கே. 1977இல் மத்திய அரசு தன் சி, டி பிரிவு வேலைகளில் 3 சதவீதத்தை உடற்குறை உள்ளவர்களுக்கு ஒதுக்கியது. அதில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கு. மத்திய அரசின் ஆலைகள் நிறைந்த புறநகரில் இந்த ஒரு சதவீதம் சின்ன விஷயமில்லை. தனியார் பட்டறைகள் வேறு கணக்குப் போட்டன: பிரஸ் ஷாப் இரைச்சல் இவர்களைத் தொந்தரவு செய்யாது, பக்கத்து ஆளோடு பேசி நேரத்தை வீணாக்கவும் மாட்டார்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதியை நம்பிய முதலாளி, காது கேளாத இருவர் எதிரெதிர் மெஷினில் நிற்பதைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு இரைச்சலிலும் பத்தடி தள்ளி நின்று அவர்கள் நிதானமாகப் பேசிக்கொள்வார்கள். தொண்டை கிழியக் கத்த வேண்டியவர்கள் மற்றவர்கள்தான்.

கிழக்கே கற்ற மொழி மேற்கே குடியேறியது இப்படித்தான். அதை அன்றாடம் சுமந்து வந்தது மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர் போகும் மின்சார ரயில். மும்பையின் மின்சார ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி, காது கேளாதவர்கள் தினமும் கூடும் திண்ணையாக மாறியிருப்பதை பெல்ஜியத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் அனெலீஸ் கஸ்டர்ஸ் 2009இல் எழுதினார். அவரும் காது கேளாதவர். எங்கே வேலை காலியாக இருக்கிறது, யாருக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்பதெல்லாம் அந்தப் பெட்டியில்தான் கைமாறும். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், அண்ணனூர் நடைமேடைகளில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் இதன் சிறிய வடிவத்தைப் பார்க்கலாம். நடைமேடையில் இறங்கிவிட்டவரோடு, ரயில் நகர்ந்த பிறகும் கதவோரம் நின்று ஒருவர் பேச்சை முடித்துக்கொண்டிருப்பார். இந்தப் பேச்சை இவர்கள் எங்கே கற்றார்கள் என்று கேட்டால் “பள்ளிக்கூடத்தில்” என்பார்கள். அது முழு உண்மையில்லை. பள்ளிக்கூடத்தின் வகுப்பறை அந்த மொழியைத் துரத்தியது. பள்ளிக்கூடத்தின் விடுதிதான் அதை வளர்த்தது.

இதைப் புரிந்துகொள்ள, மற்ற மொழிகளுக்கு இல்லாத ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. சைகை மொழி அப்படிப் போவது அரிது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். பிறவிக் கேளாமைக்கு உறவுமுறைத் திருமணமும் ஒரு காரணம் என்று தமிழ்நாட்டு மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அங்கும் கதை இதேதான். மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நன்றாகவே காது கேட்கும். இருவரும் சுமக்கும் ஒடுங்கிய மரபணு பிள்ளையிடம்தான் வெளிப்படும். ஆக, வீட்டில் யாருக்கும் தெரியாத மொழியே அந்தப் பிள்ளைக்கு இயல்பான மொழி. வீட்டில் சோறு, தண்ணீர், தூக்கம், அப்பா வருகிறார் என்பவற்றுக்குச் சில கைக்குறிகள் இருக்கும். குடும்பத்துக்கு வெளியே அவை செல்லாது. ஐந்து ஆறு வயதில் விடுதியில் கொண்டுபோய் விடும்போதுதான் அந்தப் பிள்ளை முதன்முதலாக ஒரு முழு மொழிக்குள் நுழைகிறது. கற்றுக்கொடுப்பவர்கள் எட்டாம் வகுப்பு அண்ணன்களும் பத்தாம் வகுப்பு அக்காக்களும். பாடவேளை: விளக்கணைக்கும் முன் படுக்கையறை, சாப்பாட்டு வரிசை, துணி துவைக்கும் கல்.

பிள்ளைகளை ஒன்றுசேர்த்தால் போதும், மொழி தானே வரும் என்பதற்கு உலகத்தில் அழுத்தமான சான்று நிகராகுவா. 1970களின் இறுதியில் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை முதன்முறையாகப் பள்ளியில் பெருமளவில் சேர்த்தார்கள். வகுப்பில் ஸ்பானிய மொழியை உதட்டசைவால் கற்பிக்க முயன்று ஆசிரியர்கள் தோற்றார்கள். விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் சில ஆண்டுகளில் இலக்கணமுள்ள புதிய மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். 1986இல் அங்கே போன மொழியியலாளர் ஜூடி கெக்ல், ஒரு மொழி பிறப்பதைக் கண்ணால் பார்த்தவர் ஆனார். நம் விடுதிகளில் நடந்ததை எழுதிவைக்க அப்படி யாரும் வரவில்லை.

வகுப்பறையின் பகை எங்கிருந்து வந்தது? 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒருவரே. பேச்சு சைகையைவிட மேலானது, பள்ளிகளில் பேச்சு முறையே இருக்க வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்து தனி மனித இனமாகிவிடுவார்கள் என்று எச்சரிக்கும் அறிக்கையை அமெரிக்க அறிவியல் கழகத்தின் முன் படித்தார். பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள் என்பது இந்த வரலாற்றின் கசப்பான துணுக்கு. திருமணத்தைச் சட்டம் போட்டுத் தடுப்பது நடக்காத காரியம் என்று அவருக்கே தெரியும். அதனால் அவர் கைவைக்கச் சொன்னவை மூன்று: உறைவிடப் பள்ளி, சைகை மொழி, காது கேளாத ஆசிரியர். பிள்ளைகளை ஊர்ப் பள்ளிகளில் கேட்கும் பிள்ளைகளோடு கலந்து விடுங்கள் என்றார். இந்த மூன்றையும் நினைவில் வைத்திருங்கள்.

மிலானுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். பேச்சு முறை கல்வியாளர்களின் மதமாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் காது கேளாதோர் கல்வி தொடங்கியது இந்தக் காற்று வீசிய காலத்தில். 1890களில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி தொடங்கிய பள்ளி இங்கே முன்னோடி. அது இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சாந்தோமும் லிட்டில் ஃபிளவரும் வந்தன. 1969இல் தொடங்கிய பால வித்யாலயா பேச்சு முறையை மிகுந்த ஒழுங்கோடு செய்து காட்டியது. சின்ன வயதிலேயே காது மிஷின், நாள் தவறாத பயிற்சி, தாயும் உடன் உட்கார்ந்து கற்பது என்று அங்கே உழைத்தார்கள். பல பிள்ளைகள் பொதுப் பள்ளிக்குப் போய்ப் பட்டமும் பெற்றார்கள். இதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் தினமும் பிள்ளையோடு அமர நேரமுள்ள தாய், மிஷின் பேட்டரிக்குக் காசு, நகரத்தில் வீடு இவையெல்லாம் வாய்த்தவர்களுக்குப் பொருந்திய முறை, கிராமத்திலிருந்து ஏழு வயதில் வந்த பிள்ளைக்கும் அதே விதியாக்கப்பட்டது. அங்கேதான் சேதம்.

உதட்டைப் பார்த்துத் தமிழ் படிப்பது எப்படியிருக்கும் என்று கண்ணாடி முன் நின்று யாரும் சோதித்துப் பார்க்கலாம். படம் என்றும் மடம் என்றும் சத்தமில்லாமல் சொல்லுங்கள்; உதட்டில் வேற்றுமை தெரியாது. பட்டம், மட்டம் அதே கதி. அடிநாவில் பிறக்கும் ககரம் உதட்டுக்கு வருவதே இல்லை. பத்துக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பாடம் அறுந்துபோகும் வகுப்பில் வரலாறும் அறிவியலும் எவ்வளவு உள்ளே போயிருக்கும்? இதற்கிடையில் “கையைக் கட்டு” என்ற ஆணை வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கைகட்டி, வாய்பொத்தி உட்காருவது பொதுவான ஒழுக்கம். கேட்கும் பிள்ளைக்கு அது மரியாதை. காது கேளாத பிள்ளைக்கோ கையைக் கட்டுவதுதான் வாயைப் பொத்துவது.

அரசு காட்டிய கருணையும் விபரீதமான பலனைத் தந்தது. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு இரண்டு மொழிப்பாடங்களில் ஒன்றிலிருந்து தமிழ்நாட்டில் விலக்கு உண்டு. நடைமுறையில் விட்டுப்போவது பெரும்பாலும் ஆங்கிலம். பத்தாம் வகுப்பைத் தாண்ட அது கைகொடுத்தது. தாண்டிய பிறகு ஆங்கிலத்தில் நடக்கும் பட்டப்படிப்பும், ஆங்கிலப் படிவங்களும், பட்டறைச் சுவரில் ஒட்டிய பாதுகாப்புக் குறிப்புகளும் எதிரே நின்றன. மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் காது கேளாத மாணவர்களுக்கெனத் தனி இளங்கலை வகுப்புகள் வந்தது பெரிய திறப்பு. அங்கே சேரும் மாணவர்கள் முதலாண்டில் பள்ளி விட்டுவைத்த பாக்கியைத்தான் முதலில் அடைக்கிறார்கள்.

இத்தனைக்கும் மொழி சாகவில்லை. சாகாதது மட்டுமில்லை, இந்தியா முழுக்க ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்தும் வளர்ந்திருந்தது. இமாசலப் பிரதேசத்தில் பிறந்து, பதினொரு வயதில் கேட்கும் திறனை இழந்து, பிறகு அமெரிக்காவின் காலடெட் கல்லூரிக்குப் போய்ப் படித்த மதன் வசிஷ்டா, மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டு முதலியோருடன் 1977இல் இந்தியாவுக்கு வந்து நகரம் நகரமாகச் சைகைகளைப் படமெடுத்தார். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்புதான் அதே காலடெட்டில் வில்லியம் ஸ்டோக்கி, சைகை மொழிக்கும் முழு இலக்கணம் உண்டு என்று நிறுவியிருந்தார். வசிஷ்டா குழுவினர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் வகைகளுக்குத் தனித்தனி அகராதி நூல்கள் வெளியிட்டார்கள். சொற்களில் ஊருக்கு ஊர் வேற்றுமை இருந்தாலும் பெரும்பகுதி உறவுடையவை, ஒரே குடும்பம் என்று கண்டார்கள். அந்த நான்கில் சென்னை இல்லை. நம் பக்கத்துக்குரிய பெரிய தொகுப்பு 2001இல் கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலிருந்து, பல மாநிலச் சைகைகளையும் சேர்த்த அகராதியாக வந்தது.

இந்தியச் சைகை மொழியின் இலக்கணத்தைத் தில்லியிலும் கராச்சியிலும் ஆராய்ந்து 2000இல் நூலாக எழுதியவர் ஜெர்மானியரான உல்ரிக்கே செஷான். தமிழ்க் காதுக்குச் சுவாரசியமான சில செய்திகள் இந்த மொழியில் உண்டு. எங்கே, யார், என்ன என்ற வினா வாக்கியத்தின் கடைசியில் வரும். மறுப்பும் கடைசியில். காலத்தை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேச்சு தொடரும். வினைச்சொல் யாரிடமிருந்து யாருக்கு என்பதைக் கை நகரும் திசையிலேயே காட்டிவிடும். நான்காம் வேற்றுமை உருபுக்கு வேலையில்லை. ஆணுக்கு மீசை, பெண்ணுக்கு மூக்கின் ஓரம் தொட்டு மூக்குத்தி. ஒவ்வொருவருக்கும் கையால் சொல்லும் பெயர் தனியாக உண்டு. நெற்றித் தழும்போ, கன்னக் குழியோ, பள்ளி நாளின் குறும்போ பெயராகி ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு. விடுதி நண்பர்கள் வைத்த பெயர்தான் கல்யாண வீட்டில் புழங்கும். கூப்பிடத் தோளைத் தொடுவது, தரையைத் தட்டுவது, விளக்கை அணைத்துப் போடுவது, கைதட்டலுக்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி அசைப்பது என்று பழக்கவழக்கங்களும் கூடவே வந்தன. கேளாதோர் பண்பாடு என்று ஆய்வாளர்கள் எழுதுவது இதைத்தான். முகத்தை நேராகப் பார்த்துப் பேசாமல் செல்போனில் கண் வைத்தபடி பதில் சொல்வது அங்கே பெரிய அவமரியாதை.

சட்டம் இந்த மொழியைப் பள்ளிக்கு முன்பே கண்டுகொண்டது என்பது வேடிக்கை. 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம், 119ஆம் பிரிவில், பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம் என்றது. அப்படிச் சொன்னதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும் என்றும் எழுதியது. 2013இல் செய்த திருத்தம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியையும், சாட்சியத்தை வீடியோவில் பதிவதையும் கட்டாயமாக்கியது. சொத்து விஷயத்தில் அதே சட்ட உலகம் அவ்வளவு தாராளமாக இல்லை. பழைய இந்து தர்ம சாஸ்திரங்கள் பிறவியிலேயே காது கேளாதவரைப் பங்காளியாக ஏற்கவில்லை. அந்தத் தடை 1928ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் விலகியது. சங்க நூலான புறநானூற்றின் 28ஆம் பாட்டு, பயனில்லாத பிறவிகள் என்று உலகோர் எண்ணும் எட்டில் ஊமையையும் செவிட்டையும் சேர்த்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் ஒரு சட்டத்தில் கரைந்துவிடாது.

மேற்குப் புறநகரில் இருக்கும் பூந்தமல்லிக்கு வருவோம். பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. பிரெயில் அச்சகம் இருக்கிறது. தேசிய அளவிலான பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைக்குத் தேவை அதன் விரலுக்கு ஏற்ற எழுத்து என்பதை அரசு ஒப்புக்கொண்டது. அந்த எழுத்தில் புத்தகம் அச்சடிக்க இயந்திரமும் வாங்கிப் போட்டது. பார்வை வரட்டும், அதுவரை பிரெயில் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. காது கேளாத பிள்ளை விஷயத்தில் மட்டும் அந்தத் தெளிவு இல்லாமல் போயிற்று. கண்ணுக்கு ஏற்ற மொழி ஒன்று கையில் இருந்தும், காதைச் சரிசெய்வதே கல்வி என்று ஆக்கினோம். என் பார்வையில், அந்த முடிவில் காது கேளாதவர் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்பதே காரணம். மிலானிலாவது ஒருவர் இருந்தார்.

இப்போது நடப்பது வேறு கட்டம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, உட்காதில் செவிக்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை இலவசம். உதவிக் கருவிகளுக்கான மத்திய அரசின் ஆடிப் திட்டமும் 2014இல் ஒரு கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை தரத் தொடங்கியது. இதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னால் நிற்கிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர்களில் பலர் நன்றாகப் பேசுகிறார்கள். அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் தகப்பன், லட்சங்கள் பெறும் சிகிச்சையை அரசு தருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? சொல்லக் கூடாது. பிள்ளை தன்னை “அப்பா” என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசையைக் கொள்கைத் தவறு என்று எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

சிக்கல் ஆபரேஷனுக்குப் பின்னால் வரும் அறிவுரையில் இருக்கிறது. “வீட்டில் கை காட்டிப் பேசாதீங்க, பிள்ளை பேச்சுக்கு வராது.” ஆராய்ச்சி உலகில் இது முடிந்த வழக்கில்லை. ஆன் கியர்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, சைகை பழகாத இம்ப்ளாண்ட் பிள்ளைகளின் பேச்சு மேலாக இருந்ததாகச் சொன்னது. அந்த ஆய்வில் பிள்ளைகள் பார்த்த சைகை எவ்வளவு, எத்தரம் என்று மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். டாம் ஹம்ஃப்ரீஸ் உள்ளிட்டோர் 2012இல் எழுதிய கட்டுரை வேறு கோணத்தில் கேட்டது: இம்ப்ளாண்ட் பலிக்காத பிள்ளையின் கதி என்ன? முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ஏதேனும் ஒரு மொழி முழுமையாக மூளைக்குள் போகாவிட்டால் பிறகு எந்த மொழியும் முழுமையாக வராது; எண்ணிப் பார்ப்பது, காரணம் சொல்வது, கதை கோப்பது எல்லாமே அடிபடும். சைகையைக் கூடவே கொடுப்பது காப்பீடு என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பலமான வாதமாகப் படுகிறது, குறிப்பாக நம் ஊருக்கு. கருவியின் வெளிப்பகுதி பழுதானால் மாற்ற மீண்டும் பெருஞ்செலவு. வயர் அறுந்தால், பேட்டரி தீர்ந்தால், மழையில் நனைந்தால் பிள்ளை அன்றைக்கே மௌனத்துக்குள் விழும். இந்தியாவில் இம்ப்ளாண்ட் குடும்பங்களின் இந்தப் பாட்டை அமெரிக்க மானிடவியலாளர் மிஷேல் ஃப்ரீட்னர் 2022இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். கருவி நின்ற நாளில் கை கொடுக்க ஒரு மொழி வேண்டாமா?

இரண்டாவது மாற்றம் இன்னும் சத்தமில்லாதது. காது கேளாத பிள்ளையை வீட்டருகிலுள்ள பொதுப் பள்ளியில் சேர்ப்பதே சரி என்பது இன்றைய கல்விக் கொள்கையின் பொதுப் போக்கு. ஒருங்கிணைந்த கல்வி என்ற பெயரில் வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் டீச்சர் சுற்றுமுறையில் வந்து போவார். பிள்ளை அம்மா அப்பாவோடு வளர்கிறது, விடுதிச் சோற்றுக்கு ஏங்க வேண்டியதில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் ஆவடியில் ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை, திருமுல்லைவாயலில் இன்னொன்று, திருவேற்காட்டில் வேறொன்று என்று சிதறிப்போனால் எட்டாம் வகுப்பு அண்ணனுக்கு எங்கே போவது? நாற்பது பிள்ளைகள் பேசும் வகுப்பில் அந்த ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டு அமைதியாக இருக்கும். அமைதியாக இருப்பதால் தொந்தரவில்லாத மாணவன் என்ற பெயரும் வாங்கும். பெல் கைவைக்கச் சொன்ன மூன்றும் இங்கே நிறைவேறுகின்றன: உறைவிடப் பள்ளி ஆளில்லாமல் போகிறது, சைகை வேண்டாம் என்ற அறிவுரை இருக்கிறது, காது கேளாத ஆசிரியர் முதலிலிருந்தே இல்லை. நோக்கம் முற்றிலும் வேறு, நல்ல நோக்கம். விளைவுக்கு நோக்கம் தெரியாது.

மறுபக்கத்தில் காகிதத்தில் உரிமைகள் குவிந்திருக்கின்றன. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை, சைகை மொழியைக் கற்கவும் காது கேளாதோரின் மொழி அடையாளத்தை வளர்க்கவும் அரசு உதவ வேண்டும் என்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்து, பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. மிலான் தீர்மானங்களைச் சர்வதேச மாநாடே 2010இல் வான்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. தென்னாப்பிரிக்கா 2023இல் தன் சைகை மொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆக்கியது. தில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய அகராதியை 2021இல் 10,000 சொற்களுக்குக் கொண்டுவந்தது. பாடப்புத்தகங்களைச் சைகை மொழியில் தர என்.சி.இ.ஆர்.டி.யுடன் 2020இல் ஒப்பந்தம் செய்தது. ஆவடி அரசுப் பள்ளிப் பிள்ளை படிப்பது மாநில அரசின் சமச்சீர்ப் புத்தகம் என்பதுதான் இடையில் உள்ள பள்ளம்.

அந்த அகராதி ஒரு சாதனை. அதற்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை நாடு முழுவதற்கும் சைகை மொழியைத் தரப்படுத்தச் சொல்கிறது. வட்டாரச் சைகைகளை மதித்து, இயன்ற இடங்களில் கற்பிக்கவும் சொல்கிறது. இந்த “இயன்ற இடங்களில்” என்பது எப்படி முடியும் என்று தமிழ்நாட்டுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1938இலும் 1965இலும் மொழிக்காகச் சிறை சென்ற, உயிர்விட்ட மாநிலம் இது. தாய்மொழி என்பது வெறும் கருவியில்லை என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசிய அரசியல், தன் பள்ளிகளிலேயே ஒரு மொழிக்குக் கைகட்டு போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செவித்திறன் குறை உள்ளவர்கள் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர். இவர்களில் எத்தனை பேர் சைகை மொழியில் வாழ்கிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் பதில் இல்லை. குறையை எண்ணினார்கள், மொழியை எண்ணவில்லை. கணேஷ் தேவி முன்னின்று நடத்திய மக்கள் மொழியியல் கணக்கெடுப்புதான் இந்தியச் சைகை மொழிகளுக்கென்று ஒரு தொகுதியை ஒதுக்கியது. அது அரசுப் பணியில்லை.

நான் வைக்கும் யோசனைகள் இரண்டும் பெரிய செலவில்லாதவை. சிதறிக் கிடக்கும் பிள்ளைகளை மீண்டும் தூர விடுதிக்கு அனுப்ப வேண்டாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தலா ஒரு அரசுப் பள்ளியைத் தேர்ந்து, சுற்றுவட்டாரத்துக் காது கேளாத பிள்ளைகளை அங்கே ஒன்றுசேர்க்கலாம். வேனில் வந்து போகும் தூரம்தான். இம்ப்ளாண்ட் போட்டவர்களும் போடாதவர்களும் சேர்ந்தே இருக்கட்டும். அங்கே காது கேளாத ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். தில்லி மையம் வகுத்த சைகை மொழி கற்பித்தல் பட்டயப் படிப்பில் சேரவே காது கேளாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. படித்தவர்கள் இருக்கிறார்கள், பணியிடம் இல்லை. அந்த ஆசிரியரிடம் மாலையில் அம்மாக்களும் ஒரு மணி நேரம் உட்காரலாம். மொழி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாத குறையை அடைக்க இருக்கும் நேர்வழி, தாய்க்கு அதைக் கற்றுக்கொடுப்பதுதான்.

மற்றொன்று அவசரமானது. 1950, 60களின் சென்னை விடுதிகளில் வளர்ந்து, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேற்கே ஆலை வேலைக்கு வந்த தலைமுறை ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. இளையவர்கள் வீடியோ அழைப்பிலும் யூடியூபிலும் தில்லிச் சைகையையும் அமெரிக்கச் சைகையையும் கலந்து பேசுகிறார்கள். மொழி வளர்வது அப்படித்தான், அதில் புகார் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய சென்னைச் சைகைகள் எவை, எந்தப் பள்ளிக்கு எந்தச் சொல், ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் என்ன வேற்றுமை, டேங்க் ஃபேக்டரிக்குள் பிறந்த தொழிற்சொற்கள் என்னென்ன என்பதெல்லாம் அவர்கள் கைகளில் மட்டும்தான் இருக்கின்றன. எழுத்தில்லாத மொழியின் ஓலைச்சுவடி அதைப் பேசும் ஆள்தான். பதிவு செய்ய இரண்டு காமிராவும், கேள்வி கேட்கக் காது கேளாத இளைஞர் ஒருவரும் போதும். கேட்பவர் காது கேட்கும் ஆய்வாளராக இருந்தால் பெரியவர்கள் விருந்தாளிக்காகச் சைகையைத் திருத்திப் பேசுவார்கள், நிதானமாக, எளிதாக, பாதிக்கு மேல் விட்டுவிட்டு. அதனால் இளைஞருக்கு அரசு சம்பளம் தர வேண்டும், ஆய்வாளர் அறைக்கு வெளியே உட்கார வேண்டும்.